குண்டூசி இல்லாத இடம்

தொண்ணூற்றைந்தில் என் அறைச் சுவரில் ஓர் உலக வரைபடம் தொங்கிக்கொண்டிருந்தது. காந்திபுரத்து நடைபாதையில் வாங்கியது. அதில் சோவியத் யூனியன் இன்னும் உடையாமல் முழுசாக இருந்தது. உடைந்த எல்லைகளை நானே பென்சிலால் போட்டுக்கொண்டேன். அதன்மேல் மூன்று நிறங்களில் குண்டூசிகள் குத்தி வைத்திருந்தேன். சிவப்பு முதல் வரிசை, நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது. மிச்ச உலகத்துக்குக் குண்டூசி கிடையாது.

இது என் எம்.ஃபில். ஆய்வுக்கான ஏற்பாடு. பனிப்போர் முடிந்த பிறகு அமெரிக்கா எந்தெந்தப் பகுதியை முன்னால் வைக்கிறது, எதைப் பின்னால் தள்ளுகிறது, அந்த வரிசையை எதை வைத்துப் போடுகிறது என்பதுதான் விஷயம். சூலூரில், பக்கத்துக் கொட்டகையில் எட்டு விசைத்தறிகள் தடதடக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு வாஷிங்டனின் மனதைப் படித்துக்கொண்டிருந்தேன். உட்கார்ந்துகொண்டு என்று சொல்வதுகூடப் பொய். பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இருக்க என்னால் முடியாது. ஒரு பக்கம் படிப்பேன், எழுந்து தறிக் கொட்டகைவரை நடப்பேன், திரும்பி வந்து ஒரு குண்டூசியைப் பிடுங்கி வேறு நாட்டில் குத்துவேன். விமானப்படைத் தளத்தில் விமானம் கிளம்பும் சத்தம் கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடுவேன். இருபத்து நான்கு வயதில் அப்படி ஓடுவதற்கு வெட்கப்படவும் இல்லை.

வாரத்தில் மூன்று நாள் சிங்காநல்லூரில் பஸ் மாறி, பீளமேட்டில் ஒரு கல்லூரி நூலகத்துக்குப் போவேன். வெளிநாட்டுப் பத்திரிகைகள் அங்கே மாதக்கணக்கில் பழசாகித்தான் வந்து சேரும். அமைச்சர் முதலில் எந்த ஊருக்குப் பறந்தார், அதிபரின் உரையில் எந்த நாடு எத்தனையாவது பத்தியில் வந்தது, எந்தப் பகுதியின் பெயர் வரவே இல்லை என்று நோட்டில் குறித்துக்கொள்வேன். ஐரோப்பாவும் ரஷ்யாவும் முதலில். எண்ணெய் இருப்பதால் அரபு நாடுகள் அதை ஒட்டியே. வியாபாரம் வளர்வதால் கிழக்காசியா அடுத்து. நாம், அதாவது தெற்காசியா, அணுகுண்டைப் பற்றிக் கவலை வரும்போது மட்டும் ஞாபகத்துக்கு வந்தோம். ரஷ்யப் படை ஆப்கானிஸ்தானில் இருந்தவரை இந்தப் பக்கமே கண்ணாக இருந்தவர்கள், படை திரும்பிப் போனதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனை கோடிப் பேர் இருக்கிறோம், ஒரு மஞ்சள் குண்டூசிக்குக்கூடவா நமக்கு வக்கில்லை என்று வரைபடத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பேன்.

கோபத்தோடு ஒரு மயக்கமும் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வரிசையில் பாசம், பழக்கம் எதுவும் குறுக்கே வரவில்லை. பெரிய நாடு மூன்றே கேள்விதான் கேட்கிறது என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். யார் கெட்டால் நமக்கு வலிக்கும்? யார் எதிராளி பக்கம் போய்விடுவார்? யார் எப்படியும் நம்மோடுதான் இருப்பார்? முதல் இரண்டு வகைக்கும் விருந்து, விமானப் பயணம், கைகுலுக்கல். மூன்றாவது வகைக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்? இதை மூன்றாம் அத்தியாயத்தில் எழுதி, கீழே கோடும் இழுத்திருந்தேன்.

அந்த வருடம் ஆவணிக் கடைசியில் கல்யாணம் என்று அண்ணனுக்கு நிச்சயமானது. பத்திரிகை அச்சாகி வந்த அன்று அப்பா என் அறை வாசலில் வந்து நின்று குண்டூசிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏண்டா, ஊரு ஒலகத்துக்கே வரிசை போடறே. நம்ம ஊட்டுக் கல்யாணத்துக்கு யாரு யாருக்கு எப்பப் பத்திரிகை வெக்கோணும்னு ஒரு லிஸ்ட்டு போட்டுக் குடு பாக்கலாம்."

கேலியாகத்தான் சொன்னார். நான் குதித்துக்கொண்டு ஒப்புக்கொண்டேன். ஓர் அதிகாரம் கையில் வந்ததுபோல் இருந்தது.

பத்திரிகை வைப்பது எங்கள் பக்கத்தில் சாதாரண வேலை கிடையாது. தபாலில் அனுப்பினால் அது அழைப்பாகாது. அப்பாவும் அம்மாவும் ஜோடியாகப் போய், தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்து, வாயால் சொல்ல வேண்டும். யாரை எப்போது அழைத்தோம் என்பதை ஊரே கவனிக்கும். முன்னால் போனால் ஏன் அவருக்கு முன்னால் என்பார்கள், பின்னால் போனால் எங்களைக் கடைசியில்தான் ஞாபகம் வந்ததா என்பார்கள்.

நோட்டில் நான்கு பத்தி போட்டேன். முதல் பத்தியில் கோபக்காரர்கள்: காங்கேயத்தில் அம்மாவின் அண்ணன், தாராபுரத்தில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி. இரண்டாவதில் ஆகவேண்டிய காரியம் உள்ளவர்கள். மூன்றாவதில் சொன்னால் சந்தோஷமாக வந்துவிடும் தூரத்து உறவுகள். நான்காவது பத்திக்கு 'நம்மவர்கள்' என்று தலைப்பு எழுதினேன். அதன் கீழே யார் பெயரையும் எழுதவில்லை. எழுத என்ன இருக்கிறது, எப்படியும் வரப்போகிறவர்கள்.

அப்படிப்பட்டவள்தான் அக்கா. பெரியப்பாவின் மகள். பெரியப்பாவும் பெரியம்மாவும் சீக்கிரமே போய்விட்டதால் எங்கள் வீட்டில் வளர்ந்தாள், எங்கள் வீட்டிலிருந்துதான் கல்யாணமாகிப் போனாள். போன இடம் இரண்டு தெரு தள்ளி. தினமும் மாமியார் வீட்டில் மதியச் சமையலை முடித்துவிட்டு வந்துவிடுவாள். முன்வாசல் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லை. கொல்லைப்புறத்தைப் பொடக்காளி என்போம், அந்தக் கதவை முழங்காலால் தள்ளிக்கொண்டு, "அத்தனையும் தூங்கறீங்களா?" என்று சத்தம் போட்டபடி நுழைவாள். நேராக அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைத் திறந்து பார்ப்பாள். என்னை அவள் பெயர் சொல்லி அழைத்ததில்லை. 'டேய்' தான்.

எனக்கும் அண்ணனுக்கும் கூடப்பிறந்த பெண் கிடையாது. அதனால் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்ய வேண்டியவள் அவள்தான். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையும் அவன் சகோதரியும் சேர்ந்து உட்கார்ந்து, பெண்ணுக்கு எடுத்த சேலையின் இரண்டு தலைப்பையும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு செய்கிற சீர் அது. அண்ணனுக்குப் பெண் பார்க்க ஆரம்பித்த நாள்முதல் அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நான் உக்காந்தாத்தான் உனக்குத் தாலி கட்டற யோகமே, பாத்து நடந்துக்கோ" என்று அண்ணனை மிரட்டுவாள்.

எங்கள் வீட்டிலேயே அழகான கையெழுத்து அவளுடையது. கவர்களில் பெயர் எழுதுகிற வேலை அவளுக்கு வந்தது. நான்கு நாள் மதியம் என் அறைத் தரையில் உட்கார்ந்து, நான் லிஸ்ட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். முதல் பத்திரிகை சாமிக்கு. அதன் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்ததும் அவள்தான். பிறகு மற்றவர்களுக்கு. இடையில் நிமிர்ந்து வரைபடத்தைப் பார்த்தாள்.

"டேய், இதுல நம்மூருக்கு எந்தக் கலருடா?"

"நமக்குக் குண்டூசியே கெடையாதுக்கா. அமெரிக்காக்காரன் நம்மள ஆளாவே மதிக்கறதில்ல."

"அவங்கிட்டப் போயி மதிப்புக் கேக்கறதெதுக்கு?" என்று சிரித்துவிட்டு அடுத்த கவரை எடுத்தாள்.

நான்காம் நாள் கடைசிக் கவரை ஊதிக் காயவைத்து அடுக்கில் வைத்தாள். விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டே, "இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதாடா?" என்று கேட்டாள். நான் லிஸ்ட்டைப் புரட்டினேன். பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது, நூலகம் மூடுவதற்குள் போக வேண்டும். "அவ்வளவுதான்க்கா, முடிஞ்சுது" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் வைத்திருந்தாள். அப்புறம் மூடிவிட்டு எழுந்து போனாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் பார்த்தேன், ஆனால் கால் வாசலில் இருந்தது.

அதன்பிறகு வாடகை அம்பாசிடரில் சுற்றினோம். பல்லடம், தாராபுரம், காங்கேயம், பொள்ளாச்சி. நான் முன் இருக்கையில் நோட்டோடு. மாமா வீட்டில் இரண்டு மணி நேரம் சமாதானம் பேசினோம். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். திட்டம் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு வந்தால் உட்கார முடியாமல், ஒவ்வொரு பெயரையும் சிவப்பு மையில் அடிப்பேன். அப்பா லிஸ்ட்டை நம்பினார், அம்மா அப்பாவை நம்பினாள். அக்கா நான்கைந்து நாளாக வரவில்லை என்பதை அம்மாதான் முதலில் சொன்னாள். அவர்கள் வீட்டுத் தறியில் வேலை அதிகமாக இருக்கும் என்றேன் நான்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, சீர்ச் சேலைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க அக்காவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லி அம்மா என்னை அனுப்பினாள். அக்காவின் மாமியார் வாசலில் வெங்காயம் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"வாங்க தம்பி, வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க. உள்ள வந்து உக்காருங்க, மோரு குடிக்கலாம்."

"இல்லீங்க, அக்காவக் கூட்டிட்டு வரச் சொல்லி அம்மா அனுப்புச்சுங்க."

"அப்படீங்களா? என்ன விசேசமுங்க?"

விளையாடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "அண்ணனுக்குக் கல்யாணமுங்களே."

"அட, அப்படீங்களா! ரொம்பச் சந்தோசமுங்க. எப்பங்க தம்பி கல்யாணம்? எந்த மண்டபத்துலங்க?"

அவர் குரலில் துளி கோபம் இல்லை. மரியாதை குறையாமல், ஒவ்வொரு சொல்லிலும் 'ங்க' வைத்து, ஊரே அறிந்த கல்யாணத்தின் தேதியை என்னிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். 'இன்னும் ஏதாச்சும் பாக்கி இருக்குதாடா' என்ற கேள்வி அப்போதுதான் எனக்குக் கேட்டது.

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "குடி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

"நாங்க தப்பா எடுத்துக்கலீங்க தம்பி," என்றார் மாமியார். "எங்க மருமவதான் அத்தனை ஊட்டுக்கும் பேரெழுதிக் குடுத்தாளாமுங்க. எழுதிப்போட்டு வந்து, நம்முளுக்கு நேர்ல வருவாங்க அத்தைன்னு ஒரு வாரம் வாசலப் பாத்துட்டு இருந்தாளுங்க. கூப்புட்டா வாரோமுங்க. கூப்புடாத ஊட்டுக்கு எப்படீங்க அனுப்பறது?"

வீட்டுக்கு ஓடிவந்தேன். நடந்தால் இரண்டு நிமிடம், எனக்கு அதுவும் தாங்கவில்லை. அப்பாவிடம் சொன்னதும் முதலில் சத்தம் போட்டார். "அவ என்ற புள்ளடா! பெத்த புள்ளைக்கு எவனாச்சும் பத்திரிகை வெப்பானா?" பிறகு நோட்டைப் பிடுங்கிப் புரட்டினார். நான்காவது பத்திக்கு வந்தார். 'நம்மவர்கள்' என்ற தலைப்பு, அதன் கீழே வெறும் தாள். நோட்டை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டுத் தறிக் கொட்டகைக்குள் போய்விட்டார். ஓர் அடி கொடுத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்திரிகை ஒன்றுகூட மிச்சமில்லை. அம்மாதான் சாமி படத்துக்கு முன்னால் இருந்ததை எடுத்து, மேலே ஒட்டியிருந்த பூவை உதறினாள். "சாமி ஒண்ணும் நெனைச்சுக்காது கண்ணு. கவர் எழுது" என்றாள்.

அதுவரை எந்தக் கவரிலும் நான் பேனா வைத்ததில்லை. அக்கா வீட்டுக்காரரான மச்சான் பெயரை எழுதினேன், அக்கா பெயரை எழுதினேன். அதற்குக் கீழே தெருவின் பெயரை எழுத வேண்டும். பிறந்ததிலிருந்து நடந்த தெரு. மத்திய ஆசியாவில் புதிதாக முளைத்த நாடுகளின் தலைநகரங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் தெருவுக்குப் பெயர் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்க வெட்கமாக இருந்தது. சூலூர் என்று மட்டும் எழுதி மூடினேன்.

சாயந்திரம் மூவரும் போனோம். தட்டில் பழமும் வெற்றிலையும் சேலையும் இருந்தன. மாமியார் வாசலுக்கே வந்து அழைத்தார். அப்பா நின்றபடியே, "தப்பு எங்க மேலதானுங்க. நம்ம புள்ளதானேன்னு இருந்துபோட்டோம்" என்றார். அப்பா அப்படிக் குரல் இறங்கிப் பேசி நான் கேட்டதில்லை. "அதனாலென்னங்க, வந்துட்டீங்கல்ல, உக்காருங்க" என்றார் அவர்.

தட்டை மச்சான் வாங்கி அக்காவிடம் கொடுத்தார். அவள் கவரிலிருந்து பத்திரிகையை எடுத்தாள். மூலைகளில் தான் தடவிய மஞ்சள் காய்ந்து உதிர்வதைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தாள். இது எந்தப் பத்திரிகை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, அது எனக்கும் தெரிந்தது. பிறகு கவரைத் திருப்பினாள்.

"தெரு பேரு உட்டுப்போச்சு தம்பி," என்றாள்.

அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து, அந்த அழகான கையெழுத்தில், தன் தெருவின் பெயரைத் தானே எழுதிச் சேர்த்தாள். பத்திரிகையை உள்ளே வைத்துத் தட்டோடு சாமி அறைக்குக் கொண்டுபோனாள். நான் அழுதுவிடுவேன் என்று பயந்து செருப்பைத் தேடுகிற சாக்கில் வாசலுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அக்கா வந்தாள். இணைச்சீரில் அண்ணனோடு உட்கார்ந்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. சேலைத் தலைப்பைப் பிடித்திருந்த அவள் கையை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சீர் முடிந்ததும் எழுந்து போய் மாமியார் வீட்டு ஆட்களோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சமையல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, யாரையும் சத்தம் போடவில்லை. பந்தியில் மற்ற உறவுக்காரர்களோடு வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டாள். தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு, அப்பாவிடம் வந்து, "போயிட்டு வாரோமுங்க" என்று சொல்லிவிட்டு அவர்களோடே வேனில் ஏறினாள்.

நான் நான்காம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். குண்டூசி இல்லாத இடங்களைப் பற்றி. எப்படியும் கூடவே இருப்பார்கள் என்று கணக்கில் எடுக்கப்படாத நாடுகள், பெரிய நாட்டின் வேலையையெல்லாம் செய்து கொடுத்துவிட்டு, தங்களுக்கும் ஓர் அழைப்பு வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பதைப் பற்றி. வாஷிங்டனைத் திட்டுகிற வேகத்தில், நம்மைச் சுற்றியிருக்கிற சின்ன நாடுகள் டெல்லியைப் பற்றி இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கின்றன என்பதை அதுவரை நான் படித்தும் படிக்காமல் விட்டிருந்தேன். அதையும் சேர்த்தேன். அவர்கள் சண்டை போடுவதில்லை, கதவைச் சாத்துவதுமில்லை, மரியாதையை மட்டும் கூட்டிக்கொள்கிறார்கள் என்று எழுதினேன். வாய்மொழித் தேர்வுக்கு வந்தவர் அந்தப் பக்கத்தில் விரல் வைத்து, இதற்கு ஆதாரம் போதாது என்றார். சரிங்க சார் என்றேன்.

கல்யாணம் முடிந்த பிறகு பல நாள் அம்மா மதியத்தில் பொடக்காளிக் கதவுக்குத் தாழ் போடவில்லை. காற்றில் அது அடித்துக்கொள்ளும்போதெல்லாம் நான் புத்தகத்தை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்ப்பேன். புரட்டாசி பாதி போயிருக்கும். ஒரு மதியம் தறிகள் கரண்ட் இல்லாமல் நின்றிருந்தன, வீடு அமைதியாக இருந்தது. முன்வாசலில் யாரோ செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பலகாரத் தூக்கோடு அக்கா நின்றிருந்தாள். கதவு திறந்துதான் இருந்தது. அவள் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்று குரல் கொடுத்தாள்.

"ஏனுங்க, ஊட்டுல யாருங்க இருக்கறீங்க?"